படித்துக் காட்டிய பிறகே அச்சு

இன்று காலை டோல் அட்டையைத் தேடிக் காரின் முன்பெட்டியைத் திறந்தேன், அண்ணே. அட்டைக்கு முன்னால் ஜாதிக்காய் வாசனை வந்தது. நீங்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன பொட்டலம். சர்க்கரையில் ஊறிக் காய்ந்த கீற்றுகள் வெக்கையில் இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போயிருந்தன. யாராவது ஒரு நடிகருக்கு விமர்சனத்தைப் படித்துக் காட்டப் போகும் வழியில் ஒரு கீற்றை எடுத்துக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வீர்கள். "தொண்டைக்கு" என்பீர்கள். நான் கேட்காவிட்டாலும் சொல்வீர்கள்.

வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஈப்போ குனோங் ராபாட்டில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுண்ணாம்பு மலையின் மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "என்னண்ணே, பேட்டரி கோங் ஆயிருச்சா, கிளம்பலியா?" என்று கேட்டார். "இல்ல, போலாம்" என்றேன். அவர் போய்விட்டார். நான் போகவில்லை.

சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. நான் எழுதிய நாடக விமர்சனம். விபத்து, வெள்ளம், தேர்தல், கோயில் தகராறு எல்லாம் எழுதிப் பழகியவன் நான். நாடகம் உங்கள் பகுதி. அதில் நான் கை வைத்ததில்லை. இப்போது வைத்திருக்கிறேன். இதைப் பீடோரில், அந்த நாடகத்தில் நடித்த பூங்கொடிக்கு முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டுத்தான் நாளிதழுக்கு அனுப்ப வேண்டும். அவருக்குக் கசக்கப்போகிற வரி ஒன்று இதில் இருக்கிறது. இனி மேடை ஏறமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லக்கூடியவர்தான். சமீபத்தில் ஒரு முறை சொல்லியும் விட்டார்.

நீங்கள் எங்கள் நாளிதழின் ஈப்போ அலுவலகத்துப் படியேறி வந்த முதல் நாள் ஞாபகம் வருகிறது. தஞ்சோங் மாலிமில் நாடகம் கற்பிக்கிறவர், தமிழ்நாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர் என்று பத்திரிகை ஆசிரியர் அறிமுகப்படுத்தினார். நான் "டாக்டர்" என்று கூப்பிட்டேன். "டொக்டர் எண்டால் சனம் ஊசி போடச் சொல்லிக் கேட்கும். அண்ணன் எண்டே சொல்லும்" என்றீர்கள். எனக்கும் உங்களுக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நீங்கள் அண்ணன், நான் "நீர்".

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். உங்கள் வீட்டில் பியானோ இருந்தது. எங்கள் லயத்து வரிசைவீட்டில் கூரை ஒழுகியது. தோட்டத்து நாடகங்களைத்தான் ஆராயப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் மாமா, "கூலிக்காரற்ற கூத்துக்கும் பட்டம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டாராம். எங்கள் பக்கத்திலும் சும்மா விடவில்லை. "சிலோன்காரருக்கு நம்ம தப்பு மேளச் சத்தம் காதுல கேக்குமாலா?" என்றார்கள். ஒரு முறை கோபத்தில் நானே, "நீங்க எங்க ஆளு இல்லண்ணே" என்று சொன்னேன். "ஓம். அதனாலதான் ஒவ்வொண்டையும் கேட்டுக் கேட்டு எழுதுறன்" என்றீர்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

நடிகராகத்தான் விரும்பினீர்கள் என்பது வெகு சிலருக்குத்தான் தெரியும். "என்ர குரல் மூண்டாவது வரிசையைத் தாண்டாது எண்டு தமிழ்நாட்டில படிக்கேக்க சொல்லிப்போட்டாங்கள். சரி எண்டு மூண்டாவது வரிசையில நானே போய் இருந்திட்டன்" என்று சிரிப்பீர்கள். அந்த வரிசையில் உட்கார்ந்து பேராக் மாநிலத்தில் நடந்த எத்தனையோ நாடகங்களைப் பார்த்தீர்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு, பால்மரங்கள் வெட்டப்பட்டு, செம்பனையும் தாமான் குடியிருப்பு வீடுகளும் வந்த பிறகும் பார்த்தீர்கள். மேடை எண்ணெய்த் தகரங்களிலிருந்து சமூக மண்டபத்துக்கு மாறியது. உங்கள் வரிசை மாறவில்லை.

படித்துக் காட்டும் வழக்கம் எப்படி வந்தது என்று உங்கள் நினைவுக் கூட்டத்தில் ஒருவர் அழகாக விளக்கினார். அறம், பணிவு என்றெல்லாம் சொன்னார். நான் எழுந்து திருத்தவில்லை. அது மாரிமுத்துவால் வந்தது.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். கோயில் திருவிழா நாடகத்தில் மாரிமுத்து ராஜா. பகலில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர். வசனம் மறக்கும் இடங்களில் எல்லாம் வாளை உருவிக் கொஞ்சம் நடந்துவிட்டு வருவார். நீங்கள் எழுதினீர்கள்: "நாடகம் முடிவதற்குள் ராஜாவை விட வாள் அதிகம் களைத்திருந்தது." நான்தான் தட்டச்சு செய்தேன். செய்யும்போதே சிரித்தேன். ஆசிரியரும் சிரித்தார். பத்திரிகை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதை ஒருவர் கள்ளுக்கடையில் நின்று சத்தமாகப் படித்திருக்கிறார். மறுநாள் விடியலில் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும்போது, கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "மாரி, வாளு களைச்சிருச்சாம்லா, மருந்தடி!" அது அடங்கவேயில்லை.

நாம் கேள்விப்பட்டு அங்கே போனோம். மாரிமுத்து நம்மை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "நீங்க எழுதுனது சரியாவே இருக்கட்டும் சார். என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். என் பேச்ச எங்க பேசுறது? கள்ளுக்கடையிலயா?"

திரும்பி வந்தோம். உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது, "முகத்துக்கு முன்னால சொல்ல ஏலாததை இனி அச்சில சொல்ல மாட்டன்" என்றீர்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்தீர்கள். விமர்சனத்தைக் கேட்டுவிட்டு நடிகர் என்ன பதில் சொல்கிறாரோ, அது விமர்சனத்துக்குக் கீழேயே அச்சாகும். அதற்கு நீங்கள் மறுபதில் எழுதமாட்டீர்கள். கடைசி வார்த்தை ஆடியவருடையது. "இது விமர்சனமா, கோர்ட்டு கேஸா?" என்று ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் போட்டார்.

மாரிமுத்து அதன்பின் மேடை ஏறவேயில்லை. நீங்கள் பல முறை போய்க் கூப்பிட்டும் ஏறவில்லை. எனக்கு இப்போது அடிக்கடி வருவது அவர் முகம்தான்.

வழக்கம் பழகிய பிறகு அதில் வேடிக்கையும் வந்தது. தஞ்சோங் மாலிமில் உங்கள் மாணவர்கள் போட்ட நாடகத்துக்கு நீங்கள் படித்துக் காட்டியபோது ஒரு பெண் எழுந்து நின்றாள். "சார், நீங்க ரெண்டாவது சீன்ல தூங்குனீங்க. நான் மேடையிலேர்ந்து பாத்தேன். தூங்குனவரு எப்டி சார் எழுதலாம்?" நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஓம், நித்திரை கொண்டனான். கடைசிப் பந்தியில அதையும் எழுதியிருக்கிறன், இருந்து கேளும். ஏன் நித்திரை வந்தது எண்டும் எழுதியிருக்கிறன்" என்றீர்கள். அந்தப் பெண்தான் கவிதா. இன்று அதே ஊரில் விரிவுரையாளர். உங்கள் விமர்சனங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியவளும் அவள்தான்.

புத்தகத்தின் கடைசி விமர்சனம் பூங்கொடியைப் பற்றியது.

பீடோரில் பள்ளிக்கூடக் கெண்டினில் சமைக்கிறவர், கூடவே வேலை செய்கிறவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து ஒரு நாடகம் போடுகிறார் என்று கேள்விப்பட்டு நாம் போனோம். மண்டபத்தில் மின்விசிறிகளின் சத்தம் வசனத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நாடகம் ஒரு தாயைப் பற்றியது. தோட்டம் விற்கப்படுகிறது, எல்லாரும் காலி செய்கிறார்கள், அந்தத் தாய் மட்டும் கடைசி நாள் வரைக்கும் வழக்கம்போல வீட்டைக் கூட்டுகிறாள், கோழிக்குத் தீனி போடுகிறாள், புலம்புகிற பக்கத்து வீட்டுக்காரியை அதட்டுகிறாள். பூங்கொடி தன் தாயாகவே நடித்தார். கடைசிக் காட்சியில் இடிக்கப்போகிற வீட்டைப் பூட்டிச் சாவியைத் தோட்ட எழுத்தரான கிராணியிடம் கொடுக்கிறாள். கொடுக்கும்போது பூங்கொடி உடைந்து அழுதார். பாதி மண்டபம் அழுதது. நானும் கண்ணைத் துடைத்தேன்.

முடிந்ததும் நீங்கள் மேடைக்குப் பின்னால் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

காரில் கோப்பெங் தாண்டினோம். பிறகு, "அழுதிட்டா" என்றீர்கள்.

"அழுதா என்னண்ணே? எல்லாருந்தான் அழுதாங்க."

"அந்த மனுசி அழமாட்டா காணும். அழமாட்டா எண்டு நாடகம் முழுக்க எவ்வளவு வடிவாகக் காட்டினவள். கடைசியில மகள் வந்து அழுதிட்டாள்."

மறுநாளே எழுதிக் கொடுத்தீர்கள். பாராட்டு நிறைய இருந்தது. தீனி போடுகிற கை, அதட்டுகிற குரல், எல்லாவற்றையும் சொல்லியிருந்தீர்கள். முடிவில் மட்டும் இப்படி: "கடைசிக் காட்சியில் அழுதது தாய் அல்ல, மகள். அந்த இடத்தில் நாடகம் நின்றுவிட்டது. துக்கம் மட்டும் மேடையில் இருந்தது." வெள்ளிக்கிழமை பீடோருக்குப் போய்ப் படிப்போம் என்றீர்கள். புதன்கிழமை காலை குளியலறையில் விழுந்தீர்கள். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக் கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள்.

அங்கே பூங்கொடியும் வந்திருந்தார். உங்களோடு வேலை பார்த்தவர்கள், நாடகக்காரர்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, சார் கடைசியாகப் பார்த்தது உங்கள் நாடகமாமே, என்ன சொன்னார் என்று கேட்டார்கள். "கையப் புடிச்சிக்கிட்டாருங்க. ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாரு" என்றார் பூங்கொடி. நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். நீங்கள் எழுதிய தாள் என் பையில் இருந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நீங்கள் போனதிலிருந்து அல்லாடினேன். கவிதா புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கும் நேரம் வந்தது. ஈப்போவில் நடக்கும் வெளியீட்டு விழாவில் பூங்கொடியின் நாடகத்தையே மறுபடி போடுவதென்று ஏற்பாடு. அதாவது, உங்கள் கடைசி விமர்சனம் உள்ள புத்தகம் வாசலில் விற்கும்; உள்ளே அவர் நடிப்பார். கவிதா போன் செய்தாள்.

"சார், அந்தக் கடைசி ரெண்டு வரிய மட்டும் எடுத்துடலாம்லா? பாவம் அக்கா."

"வரிய எடுத்தா அது அவர் எழுதுனது இல்லம்மா."

"அப்ப அந்த விமர்சனத்தையே விட்டுடலாம்."

"அவர் கடைசியா எழுதுனதும்மா."

"அப்ப படிச்சுக் காட்டாம அப்படியே போடவா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். "சுசாதான் சார், கஷ்டம்" என்று பெருமூச்சு விட்டாள். நான் போய்ப் படிக்கிறேன் என்று எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சொல்லியிருக்கிறேன்.

பீடோரில் பூங்கொடி வீட்டுக்கு நான் தனியாகப் போனது அதுதான் முதல் முறை. கெண்டின் வேலை முடிந்து வந்து குளித்துத் தலையில் துண்டு சுற்றியிருந்தார். அவர் கணவர் ராமையா தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அன்று ஓய்வு நாள். கொய்யாவை நறுக்கி உப்பு தூவிக் கொண்டுவந்து வைத்தார். "சாருக்கு எம்மேல பிரியம். எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்காரு, பாத்தீங்களா?" என்று பூங்கொடி ராமையாவிடம் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. நான் கோர்ட்டு வாசல்களில் நின்று எத்தனையோ பேரிடம் கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்டவன். அப்போதெல்லாம் எழுந்து போக நினைத்ததில்லை.

படித்தேன். நீங்கள் கடினமான வரிக்கு முன்னால் தலையை நிமிர்த்தி நடிகரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் படிப்பீர்கள். என்னால் அது முடியவில்லை. தாளைப் பார்த்தே படித்து முடித்தேன்.

முதலில் பேசியது ராமையா. "இதச் சொல்லத்தான் ஈப்போவுலேர்ந்து எண்ண ஊத்திக்கிட்டு வந்தீங்களா? ஆளும் போயாச்சு. அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டா யாருக்குண்ணே தெரியப் போவுது?"

"நீங்க சும்மாருங்க" என்றார் பூங்கொடி. "அண்ணே, அந்த எடத்த இன்னொருக்கா படிங்க."

இன்னொரு முறை படித்தேன்.

"தெரியும்ணே" என்றார். "அன்னிக்கே தெரியும். நல்லாருந்தா சார் கையெல்லாம் புடிக்க மாட்டாரு. மத்தவங்க நாடகத்துக்கெல்லாம் நானும் போயி பாத்திருக்கேன்ல. தள்ளி நின்னு 'பார்த்தன்'னு சொல்லிட்டுப் போயிருவாரு. என் கையப் புடிச்சப்பவே புரிஞ்சு போச்சு."

"அப்ப சாவு வீட்டுல..."

"சாவு வீட்டுல அத்தன பேரு கேட்டா என்னத்தச் சொல்ல? அழுவுறப்ப கேட்டாங்க. வாயில வந்தத சொல்லிட்டேன். அதுலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்லதான்."

உங்கள் ஏற்பாட்டின்படி, பதில் ஏதாவது உண்டா, விமர்சனத்துக்குக் கீழே போடுவோம் என்று கேட்டேன். துண்டை அவிழ்த்துத் தலைமுடியைத் துவட்டினார். பிறகு சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

"எங்கம்மா அழல. சாவியக் குடுத்துட்டு, கிராணிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு, லோரியில ஏறிட்டாங்க. புது வீட்டுக்கு வந்து சாகுற வரைக்கும் அழல. அவங்க அழாதப்ப நாங்க எப்புடி அழுவுறது? யாருமே அழல. எனக்கு மேடையிலதான் எடம் கெடச்சுச்சு, அழுதுட்டேன். சார் சொல்றது சரிதான். ஆனா எனக்கு வேற எடம் இல்ல."

திரும்பப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். "இதுக்கு சார் என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரும்மா. கடைசி வார்த்த ஆடுனவங்களுக்கு. அதான் அவரு வெச்ச முறை."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "அவரு எதிர்ல ஒக்காந்திருந்தா மல்லுக்கட்டலாம். செத்தவருகிட்ட செயிச்சு என்னண்ணே பண்றது?" என்று கேட்டார். துண்டை நாற்காலி மேல் போட்டார். "ஈப்போவுக்கு நான் வரல. வேற யாரயாச்சும் ஆடச் சொல்லுங்க. இனிமே அந்த எடத்துக்கு வந்தா சார் ஒக்காந்து பாக்குற மாதிரியே இருக்கும். எனக்கு அழவும் முடியாது, அழாம இருக்கவும் முடியாது."

நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. காரில் ஏறியபோது ராமையா வந்து, ஒரு பை கொய்யாவைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கதவைச் சாத்தினார்.

அடுத்து வந்த நாட்களை நான் விவரிக்க விரும்பவில்லை. போன் அடித்தால் பூங்கொடியோ என்று எடுப்பேன். கவிதாவாக இருக்கும். "வருவாங்களா சார்?" என்பாள். தெரியாது என்பேன். "படிக்காமலே இருந்திருக்கலாமோ?" என்பாள். உங்கள் விமர்சனமும் பூங்கொடியின் பதிலும் அச்சுக்குப் போய்விட்டன. நான் சரியாகத்தான் செய்தேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாரிமுத்துவைப் பற்றியும் நாம் சரியாகத்தான் எழுதியிருந்தோம்.

வெளியீட்டு நாளில் மண்டபத்து வாசலில் நின்றேன். பீடோர் வேன் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக, வேஷத் துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூங்கொடி இறங்கினார். "மேக்கப் ரூம் எங்கண்ணே?" என்றார். அவ்வளவுதான். நான் கையைக் காட்டினேன். புத்தகம் விற்கிற மேசையைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சுகள் நடந்தன, உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நாடகம் தொடங்கியது. கூட்டினார், தீனி போட்டார், அதட்டினார். மக்கள் சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது.

கதவைப் பூட்டினார். கிராணி பின்னால் காத்திருக்கிறான். அவர் கதவைப் பார்த்தபடி, கிராணிக்கு முதுகு காட்டி நின்றார். அழுகை வந்தது, அண்ணே. பக்கவாட்டில் தெரிந்த முகம் கோணி, தோள் ஒரு முறை குலுங்கியது. உடனே முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்தார். திரும்பும்போது அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. சாவியை நீட்டினார். ஒரு கும்பிடு. போய்விட்டார்.

அழுதது மகளா, தாயா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் தெரியவில்லை. என் தொழிலில் எந்தச் செய்தியையும் கேட்டு உறுதிசெய்ய ஓர் ஆள் இருப்பார். இதற்கு இல்லை.

மேடைக்குப் பின்னால் போனேன். கையைப் பிடித்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனதால் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டேன். "பார்த்தேன்" என்றேன்.

"நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். சாயம் துடைத்த துணிக்குப் பின்னால் சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் நாளிதழிலிருந்து கேட்டார்கள். அவர் இல்லை, நீங்களாவது எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன். நெஞ்சாரப் பாராட்டியிருக்கிறேன். ஆனால் எழுதுமுன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாடகம் முடிந்து வெளியேறும்போது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா தன் மகளிடம், "வெளக்கு சூடுலா, பாவம், வேர்வையத் தொடச்சிக்கிட்டே நடிக்கிறாங்க" என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தெரிந்தவர்களுக்குப் போன் செய்து கேட்டேன். ஒருவரும் அழுகையைப் பார்க்கவில்லை. எல்லாரும் வியர்வையைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இப்படி எழுதினேன்: "அந்த அழுகை முன்வரிசைகளோடு நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இன்னும் ஒரு மூச்சு நேரம் அவர் திரும்பாமல் நிற்க வேண்டும்."

இந்த வரியை எழுதியபின் பல முறை அடித்தேன். வேறு இடமில்லை என்று சொன்னவர், கிடைத்த இடத்தையும் எங்களுக்காகச் சுருக்கிக்கொண்டவர். அவரிடம் போய் அது போதவில்லை என்று எப்படிச் சொல்வது? அடித்ததை மறுபடி எழுதினேன். இல்லாமல் அனுப்பலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ராமையா சொன்ன அதே நியாயம்.

இப்போது பீடோருக்கு வந்துவிட்டேன். அவர் வீட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பற்றி இனி பலரும் எழுதுவார்கள். ஆய்வு, பட்டங்கள், நீங்கள் உருவாக்கிய மாணவர்கள் எல்லாம் அதில் வரும். என்னிடம் இருப்பது வேறு. ஒரு நாள் கம்பார் பக்கம் யாருக்கோ படித்துக் காட்டப் போனபோது, வீட்டு வாசலில் நீங்கள் காரை விட்டு இறங்காமல் இருந்தீர்கள். "பயமாண்ணே?" என்று கேலியாகக் கேட்டேன். "ஓம். பயம் இல்லாட்டி தபாலில அனுப்பலாமே" என்றீர்கள். அன்று எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இன்று உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பயம் ஒன்றுதான். விட்டுவிட மனமில்லை.

கேட் திறக்கிற சத்தம். பூங்கொடி வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

"என்னண்ணே, எஞ்சின நிப்பாட்டிட்டு உள்ளயே ஒக்காந்திருக்கீங்க? அவ்ளோ மோசமாவா எழுதியிருக்கீங்க?"

"இல்லம்மா. ஒரு எடம் இருக்கு."

"ஒரு எடந்தானா?" என்கிறார். "அப்ப வாங்க. நானும் பேசணும்."

இறங்குகிறேன், அண்ணே. இந்த முறை அந்த வரிக்கு முன்னால் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும்.